தூரிகையைக் கொடுத்தீர்கள், கையையும் விடுங்கள்

ஓகாமி என்ற வீடியோ கேமின் அடுத்த பாகத்தைச் செய்துகொண்டிருக்கும் க்ளோவர்ஸ், கேப்காம் குழுவினருக்கு,

வணக்கம்.

2024 டிசம்பரில் அந்த அறிவிப்பு வந்தபோது திரையில் நடந்தது கொஞ்சம்தான். ஒரு வெள்ளை ஓநாய் புல்வெளியில் ஓடுகிறது. கேமுக்குப் பெயர் வைக்கவில்லை, தேதி சொல்லவில்லை, கதையைப் பற்றி மூச்சே இல்லை. அந்த ஓட்டத்தை மட்டும் நான் அன்றைக்குப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். 2006-இல் வந்த ஒரு கேமுக்கு, அதே இயக்குநர் ஹிடேகி காமியா பதினெட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறார். இப்படி நடப்பது அபூர்வம்.

வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். கோபமெல்லாம் இல்லை. பிடிக்காத கேமை யாரும் இரண்டாம் தடவை தொடுவதில்லை. திரும்பத் திரும்பப் போய் ஆடுகிற கேமில்தான் எந்த இடத்தில் கல் தட்டும் என்று காலுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கமிகி கிராமத்தில் ஆரஞ்சுப் பாட்டி இருக்கிறார். துணி காயப்போடும் கம்பு அவர் வீட்டில் காணாமல் போயிருக்கும். பட்டனை அழுத்தினால் உலகம் அப்படியே உறைந்து, பழைய காகிதத்தின் நிறத்துக்கு மாறும். ஓநாயின் வால் தூரிகையாகி ஸ்கிரீன் மேல் வந்து நிற்கும். குறுக்கே ஒரு கோடு. விரலை எடுத்தால் கோடு கம்பாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். உலகத்தைக் காப்பாற்ற ஓநாய் உருவில் வந்த சூரிய தெய்வம் அமதெரசு முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, துணிக் கம்பு போட்டுக் கொடுப்பது!

அமதெரசுவின் அழகே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓடும்போது அவள் காலடியில் பூ முளைக்கிறது. காய்ந்த மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் பூத்துக் குலுங்குகிறது. பசியோடு திரியும் முயலுக்கும் பன்றிக்கும் இரை போட்டால், ஒரு சின்னக் காட்சி வந்து போகிறது, பக்தியின் கணக்கு ஏறுகிறது. பேய்களை வெட்டுவது ஒரு வேலை. ஊரைப் பசுமையாக்குவது இன்னொரு வேலை. மற்ற கேம்களில் முதலாவதற்குத்தான் சம்பளம். உங்கள் கேமில் இரண்டாவதற்குத்தான். காவல் மரத்தைப் பூக்கவைத்ததும், இருண்டு கிடந்த ஒரு நிலப்பரப்பு முழுக்க நிறமும் புல்லும் வெள்ளம்போல் பாய்ந்து பரவும் அந்தக் காட்சி இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் சுசானோ. எட்டுத் தலை ஒரோச்சியை நூறு ஆண்டுக்கு முன் வீழ்த்திய நாகியின் வம்சம் என்று மார்தட்டிக்கொள்ளும் வாய்ச்சொல் வீரன். கையில் மரவாள். வழியை அடைத்துக் கிடக்கும் பாறையைப் பிளக்கிறேன் என்று அதன் முன் நிற்கிறான். அவன் வாளை ஓங்கும் அதே கணத்தில், பின்னாலிருந்து நாம் சத்தமில்லாமல் ஒரு கோடு இழுக்க வேண்டும். பாறை இரண்டாகப் பிளக்கிறது. அவனுக்கே நம்ப முடியவில்லை. பின்னால் ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. அதை யார் கண்டுகொள்கிறார்கள்? அமதெரசுவின் உடம்பில் இருக்கும் சிவப்புக் கோடுகள்கூட ஊரில் பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதுதானே கதை. கடவுளின் வேலை இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். கதையாகச் சொல்லியிருந்தால் சாதாரணம். நம் கையாலேயே அந்தக் கோட்டை இழுக்கவைத்தீர்களே, அதுதான் சாமர்த்தியம்.

இந்தத் தூரிகை எப்படி வந்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. முதலில் நிஜம்போலத் தெரியும் கிராபிக்ஸ்தான் திட்டம். காடு, புல், தண்ணீர் எல்லாம் அப்படியே வர வேண்டும் என்று ஆரம்பித்தீர்கள். பிளேஸ்டேஷன் 2 அதைத் தாங்கவில்லை. பிறகுதான் மை ஓவியப் பாணிக்கு மாறினீர்கள். தடித்த கறுப்புக் கோடு, உள்ளே நீர்த்த நிறம், அடியில் காகிதத்தின் சொரசொரப்பு. உலகமே ஓவியம் என்றானதும், ஓவியத்தில் நாமும் ஒரு கோடு போட்டால் என்ன என்ற யோசனை வந்தது. ஆக, இயந்திரத்தால் முடியாமல் போனது ஒரு பாணியைக் கொடுத்தது, அந்தப் பாணி ஒரு விளையாட்டு முறையையே கொடுத்தது. 2006-இல் நிஜம்போல இருக்கிறது என்று வாய்பிளந்து பார்த்த பல கேம்களின் முகங்கள் இன்றைக்குக் களிமண் பொம்மையாகத் தெரிகின்றன. ஓகாமிக்கு அந்தக் கதி வரவில்லை. ஓவியத்துக்கு ஏது வயது? ‘செல்டாவின் விண்ட் வேக்கர்’ 2002-இல் வந்தபோது கார்ட்டூன்போல இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்தக் கடலைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அடுத்த பாகம் கேப்காமின் ஆர்ஈ இன்ஜின் என்ற கேம் மென்பொருளில் வருகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். முகத்தில் வியர்வை, சுவரில் ஈரம் என்று எல்லாவற்றையும் காட்டக்கூடிய இயந்திரம் அது. இந்தத் தடவை உங்களை எதுவும் தடுக்கப்போவதில்லை. எனக்கு அதுதான் பயம். ஓநாயின் ஒவ்வொரு மயிரும் காற்றில் அசையும் என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். காகிதத்தில் வெறுமனே விட்ட வெள்ளை இடம்தான் அந்த மயிர். அதை நிரப்பிவிடாதீர்கள்.

சரி, இனி குறைகள்.

பெரிய குறை ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் குட்டிகள். தூரிகையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, எழுத்துப் பழகும் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் எங்கள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள்.

இஸ்ஸுனைச் சொல்கிறேன். ஒரு அங்குல உயரம், அமதெரசுவின் மூக்கின் மேல் துள்ளிக்கொண்டே வரும் அந்தக் குட்டி ஓவியன். பெரிய தெய்வத்தைப் பார்த்து அவன் வாய்க்கு வந்தபடி பேசுவதும், அவள் அதைக் கண்டுகொள்ளாமல் கொட்டாவி விடுவதும் அழகு. பேசாத நாயகிக்குப் பேசும் துணை வேண்டும், அதுவும் சரி. ஆனால் உடைந்த பாலத்தின் முன்னால் போய் நிற்பதற்குள், கேமரா பாலத்தைச் சுற்றிக் காட்டுகிறது. பிறகு இஸ்ஸுன், ‘இந்தப் பாலம் உடைந்திருக்கிறதே’ என்கிற தொனியில் ஆரம்பித்து, எந்தத் தூரிகை வித்தை இதற்கு ஆகும் என்பது வரைக்கும் சொல்லிவிடுகிறான். பாலத்தில் விடுபட்ட இடம் அத்தனை பெரிதாகத் தெரிகிறது, கையில் தூரிகை இருக்கிறது, இதற்குமேல் ஒரு வார்த்தை எதற்கு? புதிரைப் பார்த்த சந்தோஷம் வருவதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது. விடுகதை போடுகிறவரே மூச்சு விடாமல் விடையையும் சொன்னால் எப்படி இருக்கும்?

இத்தனைக்கும் உங்கள் தூரிகை அவ்வளவு அழகான மொழி. வட்டம் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் போட்டால் சூரியன். மரத்தைச் சுற்றிப் போட்டால் பூ. தண்ணீரின் மேல் போட்டால் அல்லி இலை. வட்டத்துக்கு ஒரு சின்ன வால் வைத்தால் வெடிகுண்டு. இடம் மாறினால் பொருள் மாறுகிறது, நாம் பேசுகிற மொழியைப்போலவே. இந்த இலக்கணத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற சுகம் எத்தனை பெரியது! பதிமூன்று வித்தைகள்; முதலாவது அமதெரசுவுடையது, மற்றவை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தெய்வம் வந்து தருகிறது. எலி, பன்றி, பாம்பு, முயல் என்று வரிசையாக வரும் அந்தக் கூட்டத்தில் கிழக்காசிய விலங்கு ராசிப் பட்டியலில் இடம் கிடைக்காத பூனைக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பூனை சுவர் ஏறும் வித்தையைத் தரும்போது சிரித்துவிட்டேன், வேறு எதைத் தரும்? இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் அடுத்த நிமிடமே இஸ்ஸுனை விட்டு, எந்தச் சுவரில் ஏற வேண்டும் என்று சொல்லவைக்கிறீர்கள்.

அடுத்த பாகத்தில் அவனோ அவனைப்போல ஒருவனோ வரட்டும். பேசட்டும். ஊர்வம்பு பேசட்டும், கேலி பேசட்டும். விடையை மட்டும் வாயில் போட்டு மூடிக்கொள்ளட்டும். கேட்டால் சொன்னால் போதும்.

இன்னொன்றும் இஸ்ஸுன் கணக்கில் வருகிறது. அவன் அறிமுகமாவதே மரத் தேவதை சகுயாவின் உடைக்குள்ளிருந்து. அதற்குப் பிறகு கேமில் எந்தப் பெண் வந்தாலும் அவன் கண் போகும் இடம் ஒன்றுதான். ஒரு தடவை சிரிப்பு, பத்தாவது தடவை அலுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைகள் முன்னால் சங்கடம். இத்தனை மென்மையான கேமுக்குள் இது ஏதோ வேறு கேமிலிருந்து வழிதவறி வந்ததுபோல் இருக்கிறது. விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

பேச்சு என்றதும் வேகமும் நினைவுக்கு வருகிறது. முதல் பதிப்பின் தொடக்கக் கதை கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஓடும். ஷிரானுயி என்ற பழைய ஓநாய், நாகி, ஒரோச்சி, சாபம். ஓவியச் சுருள் விரிவதுபோல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும், கூடவே எந்த மொழியும் இல்லாத அந்த முணுமுணுப்பு. முணுமுணுப்பு எனக்குப் பிடிக்கும், பழங்கதைக்குப் பொருத்தமான குரல் அது. ஊர்வதுதான் பிடிக்காது. ஒரு வரியை நான் மூன்று தடவை படித்து முடித்த பிறகும் அடுத்த வரி வந்து சேராது.

சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி, மணிமாலை, வாள் என்று மூன்று வகை ஆயுதம் வைத்தீர்கள். ஜப்பானின் மூன்று புனிதச் சின்னங்களையே ஓநாயின் முதுகில் ஏற்றியது அபாரமான யோசனை. ஒவ்வொரு பேய்க்கும் அது நிறமிழந்து தள்ளாடும் கடைசிக் கணத்தில் அதற்கே உரிய ஒரு தூரிகை வித்தையைப் போட்டால் கூடுதல் பரிசு. எது எதற்கு என்று தேடிக் கண்டுபிடிப்பதில் தனி ருசி இருக்கிறது. ஆனால் ஆபத்து என்று ஒன்று இல்லவே இல்லை. தூரிகையை எடுத்ததும் உலகம் உறைகிறது, நிதானமாக வரையலாம். மை தீர்ந்தால் தானாக ஊறுகிறது. உயிர் போனால் மீட்டுத் தர ஒரு பை, அதை நிரப்புவதற்குச் சாப்பாடு வழியெல்லாம் கிடக்கிறது. பாதிக் கேமுக்குப் பிறகு சண்டை என்பது பூப்பறிக்கிற வேலையாகிவிடுகிறது. கஷ்டமாக்குங்கள் என்று கேட்கவில்லை. இன்றைக்குக் கஷ்டமான கேம்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கோட்டுக்கு ஒரு விலை இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். கடைசிச் சொட்டு மை இருக்கும்போது, காற்றா நெருப்பா என்று ஒரு நொடி யோசிக்கவைத்தால் போதும்.

அதே சமயம், கஷ்டம் வேண்டாத இடத்தில் கஷ்டத்தை வைத்திருந்தீர்கள். வழி மறிக்கும் அந்தக் கல்முகத்தான் ஞாபகம் இருக்கிறதா? அவன் முகத்தில் சில புள்ளிகள் மின்னி மறையும். அதே வரிசையில், அதே இடத்தில் தொட வேண்டும். ஓவியக் கேமுக்குள் ஒரு கண் பரிசோதனை. மண் தோண்டும் மினி கேமைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

தூரிகை சில சமயம் நாம் எழுதியதைத் தப்பாகப் படிக்கும் என்பதும் பழைய புகார். காற்றுக்கு ஒரு கோட்டில் சுழி வைக்க வேண்டும், வெடிகுண்டுக்கு வட்டத்தில் வால் வைக்க வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். பிளேஸ்டேஷன் 2-இல் கட்டைவிரலால் குச்சியைத் தள்ளி வரைந்தோம். 2008-இல் நின்டெண்டோ வீயில் காற்றில் கையை ஆட்டி வரைந்தோம். 2018-இல் ஸ்விட்சில் ஸ்கிரீனைத் தொட்டே வரையலாம் என்றானது. நடுவில் நின்டெண்டோ டிஎஸ்ஸில் தொடர்ச்சியாக வந்த ஓகாமிடெனில் அந்தச் சின்னப் பேனாவே தூரிகையானது. ஒவ்வொரு கருவியிலும் கோட்டின் உணர்வு வேறு. ஆனாலும் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்: தப்பாகப் படிக்கிறதே என்று பயந்து, எந்தக் கிறுக்கலையும் சரி செய்துகொள்ளும் தூரிகையாக மாற்றிவிடாதீர்கள். என் வட்டம் கோணலாக இருந்தால் சூரியனும் கோணலாக உதிக்கட்டும். என்ன போய்விடும்?

அடுத்தது நீளம். இதில் எனக்கே இரண்டு மனம். ஒரோச்சியோடு நடக்கும் முதல் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் கட்டடத்தைச் சுமந்த மலை அளவு பாம்பு. எட்டுத் தலைக்கும் எட்டுக் குணம். நெருப்பு, மின்னல், நஞ்சு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். குளத்தில் கிடக்கும் மதுவைத் தூரிகையால் இழுத்து அதன் வாயில் ஊற்றி மயக்க வேண்டும். ஜப்பானியப் புராணத்தில் சுசானோ எட்டுத் தலைப் பாம்பை மது கொடுத்து மயக்கிய கதையை, எங்கள் விரலாலேயே நடத்தவைத்தீர்கள். பயந்தாங்கொள்ளி சுசானோவும் கடைசியில் வந்து சேர்கிறான். அது முடிந்து, விழா நடந்து, ஊர் கொண்டாடும்போது கேம் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடிந்தது ஒரு பங்குதான். ‘இன்னும் இருக்கிறதா!’ என்று குதித்தேன். வேறு கேமில் இப்படி ஒரு இன்ப அதிர்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அதே ஒரோச்சி மறுபடி வருகிறான், நூறு ஆண்டுக்கு முந்தைய காலத்தில். அதற்காவது கதையில் ஒரு நியாயம் உண்டு. மூன்றாவது தடவையும் வருகிறான், யமாதோ என்ற அந்தக் கப்பலுக்குள், பாஸ்கள் எனப்படும் பழைய பெரிய எதிரிகளோடு வரிசையில் நின்றுகொண்டு. முதல் தடவை புராணம், இரண்டாம் தடவை நினைவு, மூன்றாம் தடவை வருகைப் பதிவேடு. நாற்பது மணி நேரத்தைத் தாண்டவைக்க வேண்டும் என்று யாராவது உங்களை நெருக்கினார்களா, இல்லை அவ்வளவு அழகாகச் செய்த பாம்பை ஒரு தடவை மட்டும் காட்டிவிட்டு விட மனம் வரவில்லையா? இரண்டாவது காரணமாகத்தான் இருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். அப்படியென்றால் மன்னித்துவிடலாம். அடுத்த கேம் இருபது மணி நேரத்தில் முடிந்தாலும் நான் ஒரு புகார் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பாஸும் ஒரு தடவை மட்டும் வரட்டும், வந்தால் மறக்க முடியாமல் வரட்டும்.

கமுயி என்ற பனிப் பிரதேசத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள், நானும்தான். அங்கே போனதும் பூக்கள் குறைந்து, கோடுகள் மெலிந்து, ஓவியம் பாதி வெள்ளைக் காகிதமாகிவிடுகிறது. ஓயினா மக்கள் முகமூடி அணிந்து நடமாடுகிறார்கள். இஸ்ஸுன்கூட அங்கே கொஞ்சம் அடங்கிவிடுவான், அதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவாக இருப்பதற்கு இந்த அமைதியும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த பாகத்தில் இப்படி ஆளில்லாத வெளி நிறைய வேண்டும். ஓநாய் ஓடுகிறது, பனி பெய்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னோட்டத்தில் நீங்கள் காட்டிய ஓட்டமும் அப்படித்தானே இருந்தது? யாரும் பேசவில்லை. எங்கே போவது என்று அம்புக்குறி காட்டவில்லை. ஒரு வார்த்தை இல்லாமலேயே எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

கடைசியாக ஒன்று. இது விளையாட்டைப் பற்றியது இல்லை.

முதல் கேம் வந்த அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்த க்ளோவர் ஸ்டுடியோவை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை கைகொடுக்கவில்லை. பிறகு 2008-இல் வீ பதிப்பு வந்தபோது, கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும் அந்த இறுதிப் பகுதியே அதில் இல்லை. பெயர்கள் ஓடும் வீடியோவில் மூடிப்போன ஸ்டுடியோவின் சின்னம் இருந்தது, அதைப் பயன்படுத்த உரிமை இல்லை, சின்னத்தை மட்டும் எடுக்க மூலப் பிரதியும் கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் காணாமல் போன ஒரு கம்பைக்கூடக் கோடு போட்டு மீட்டுத் தருகிற கேமில், அந்தக் கோடுகளை வரைந்தவர்களின் பெயர்கள் காணாமல் போயின.

புதிய கேமின் முடிவில் பெயர்கள் ஓடும்போது, 2006-இல் வரைந்தவர்களின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். எவ்வளவு நேரம் ஓடினாலும் பரவாயில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் எழுத்துகள் மெதுவாக ஊர்ந்து வந்தாலும் நான் பட்டனைத் தொட மாட்டேன்.

அன்புடன்,
அமதெரசுவின் பின்னால் ஓடுகிறவர்களில் ஒருவன்